மூத்தவன் படுத்திருந்த இடம்

பால் புரையேறி மூச்சடைத்து மரணம் என்று எழுதித் தந்தார்கள். எழுதிய டொக்டரில் பிழை இல்லை. தொண்டையில் பாலைக் கண்டார், கண்டதை எழுதினார். பிள்ளை உள் அறையில் பாயில் மல்லாந்து கிடந்தான் என்று நான் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதினார். அவர் கண்டது உண்மை. நான் சொன்னது பொய். அந்தப் பொய்யோடு இரண்டு வருடம் ஒரே சோற்றுக் கோப்பையில் தின்றிருக்கிறேன்.

என் பெயர் யோகலிங்கம். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிற்று வேலை. பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் இறங்குதுறையில் அணைப்பது எங்கள் தொழில். யாராவது கயிற்றைப் பிழையாகச் சுற்றினால், அவன் தாய் தகப்பன் வரைக்கும் போய் ஏசுவேன். ஒருவன் செய்த பிழைக்கு மற்றவனை ஏசவிடமாட்டேன் என்றும் படகில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. சிரிப்பு வருகிறதா? எனக்கும் வரும்.

அன்று காலை எட்டரைக்கு பாலையூற்றில் உள்ள வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் விடியப் போனவன். காற்று பிடித்துக்கொண்டதால் ஒரு கப்பல் அணைய மறுத்து, இரவு முழுக்கக் கண் மூடவில்லை. என் மனைவி தனுஷிகா மூத்தவனுக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டு முதுகைத் தடவி ஏவறை எடுத்து, உள் அறையில் பாயின்மேல் ஒரு மெல்லிய துணி விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தாள். அவனுக்கு அப்போது மூன்று மாதமும் பதினொரு நாளும். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

"ஒருக்கா எட்டிப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் உடுப்பைத் தோய்ச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அவள் கிணற்றடிக்குப் போனாள். அவள் செய்தது அத்தனையும் சரி. கெட்டது எல்லாம் அதற்குப் பிறகு நான் செய்தது.

பிள்ளை சிணுங்கினான். தூக்கிக்கொண்டு வந்து முன் அறையில் கிடந்த வரித்துணி மெத்தைச் செற்றியில் சாய்ந்து நெஞ்சில் போட்டேன். என் நெஞ்சில் போட்டால் அவன் உடனே அடங்குவான். அதில் எனக்குப் பெரிய பெருமை. அப்படிக் கிடக்கும் படமொன்றை எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டுப் பாயில் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்தேன். கண் விழித்தபோது நெஞ்சில் அவன் இல்லை.

என் வலது கைக்கும் செற்றியின் சாய்மனைக்கும் இடையில் கிடந்தான். முகம் பஞ்சு மெத்தைக்குள் புதைந்திருந்தது. நான் அவன்மேல் புரளவில்லை, நசுக்கவில்லை. அவன் வழுக்கி அந்த இடுக்கில் விழுந்திருக்கிறான், அவ்வளவுதான். தலையைத் திருப்பி மூச்செடுக்க அந்த வயதில் தெரியாது. அழவும் முடிந்திருக்காது. அழுவதற்கும் மூச்சு வேண்டும். தூக்கினேன். குளிர்ந்திருந்தான். என் பிள்ளை செத்துவிட்டான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வருகிறாள். நான் கத்தியிருக்க வேண்டும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். நான் உள் அறைக்கு ஓடினேன். அவள் படுக்க வைத்த அதே பாயில், அதே மாதிரி மல்லாக்கக் கிடத்தினேன். வாய் ஓரத்தில் பால் கசிந்திருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. திரும்பி வந்து செற்றியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் என்னைக் கடந்து உள்ளே போனாள். அவள் கத்திய சத்தத்தில்தான் நான் விழித்தேன் என்று எல்லாரும் நம்பினார்கள்.

என் அக்கா பூரணம் அடுத்த வளவில் இருப்பவள். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் கரையேற்றியவள் என்பதால், பிள்ளை விசயத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. பிள்ளையின் சவப்பெட்டி வீட்டை விட்டுப் போக முதலே தொடங்கிவிட்டாள்.

"பாலைக் குடுத்த உடன பச்சைப்பிள்ளையை மல்லாக்கப் போடுறவள் எங்கையடி இருக்கிறாள்? நான் மூண்டையும் தலகணியில சரிச்சுத்தான் வளத்தினனான். ஒண்டுக்கு ஒரு தும்மல் வந்ததே?"

ஊருக்கு அது போதுமாக இருந்தது. பாலாலேயே பிள்ளையைக் கொன்றவள் என்று கிணற்றடிகளில் கதைத்தார்கள். யாரும் தங்கள் பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை. கோயில் வீதியில் ஒருத்தி, இவள் கன்னத்தைத் தொடப் போன தன் குழந்தையை இழுத்து மறுதோளில் போட்டதை நானே கண்டேன். பிள்ளை போய் ஒரு வாரம் வரை அவளுக்குப் பால் கட்டி மார்பு நெருப்பாய்க் கொதித்தது. குசினிக்குள் போய்ப் பிழிந்து தொட்டியில் ஊற்றுவாள். ஊற்றும்போது அந்தப் பாலைப் பார்ப்பாளே ஒரு பார்வை, நஞ்சைப் பார்க்கிற மாதிரி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கதவடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். பயம். வேறு ஒரு காரணமும் இல்லை, வெறும் பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அது இன்னும் சொல்ல முடியாததாகியது.

இந்த வருடம் தை மாதம் சின்னவள் பிறந்தாள். பொய் அதுவரை தாயைத்தான் தின்றது. இப்போது பிள்ளையைத் தேடி வந்தது.

பூரணக்கா வந்து குந்திக்கொண்டாள். இந்தப் பிள்ளைக்குப் பால் புரையேறவே கூடாது. அது ஒன்றுதான் வீட்டில் வேதம். பால் குடித்து முடிந்தால் ஒரு மணித்தியாலம் யாராவது ஒருவரின் நெஞ்சில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு இலவம்பஞ்சுத் தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதில் சரிவாகப் படுக்க வைப்பாள். உருளாமல் இரண்டு பக்கமும் குட்டித் தலையணை. ஆழ்ந்து நித்திரையானால் பால் வெளியே வடியட்டும் என்று குப்புறப் போடுவாள். எப்படியும் வைக்கலாம், நேரான இடத்தில் மல்லாக்க மட்டும் வைக்கக்கூடாது. மூத்தவன் அப்படித்தானே போனான்!

எப்படிப் போனான் என்று தெரிந்தவன் நான் ஒருவன். சின்னவள் அந்தத் தலையணைக்குள் புதைந்து, நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டு கிடப்பதை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கள்ளத்தனமாகக் காப்பாற்றப் பார்த்தேன். அவள் பிறக்க ஒரு வாரத்துக்கு முன்னமே செற்றியைக் கூட்டாளி இராசையாவுக்குக் கொடுத்தேன், மூட்டைப்பூச்சி என்று சொல்லி. தலையணைகளை ஒவ்வொன்றாகப் படகுக்குக் கடத்தினேன். படகில் நாலு பேருக்கு ஆறு தலையணை. அக்கா புதிதாய்த் தைப்பித்தாள்.

"நெஞ்சில ஒருக்கா வைச்சிரடா" என்று அக்கா பிள்ளையை நீட்டினால், சளி என்று சொல்லி ஒதுங்குவேன். அதற்கும் அடி தனுஷிகாவுக்குத்தான் விழுந்தது.

"கண்டியே? உன்னாலதான் அவனுக்குப் பெத்த பிள்ளையைத் தொடவே பயம்."

தனுஷிகா தலையைக் குனிந்து பிள்ளையை வாங்குவாள். எந்த நேரமும் அவள் நெஞ்சில்தான் பிள்ளை. சுவரில் சாய்ந்து இருந்தபடி விடியும், சுவரில் சாய்ந்து இருந்தபடி பொழுது படும். இரண்டு மாதத்தில் அவள் கண் குழிக்குள் போய்விட்டது. சோறு வாயில் வைத்தபடியே தூங்கி விழுவாள்.

பங்குனியில் ஒரு நாள் ஹுஸ்னியா மிஸ் வந்தார். எங்கள் பகுதியின் குடும்பநல மாது. மூதூர்க்காரி. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பச்சைப்பிள்ளைகளைப் பார்த்து எடை குறித்துப் போகிறவர். உள் அறைக்குள் வந்தவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இதென்ன? புள்ளயைப் படுக்க வச்சிருக்கீங்களா, சாமான் அடுக்கி வச்சிருக்கீங்களா?"

கேட்டுக்கொண்டே குட்டித் தலையணைகளை இழுத்து எறிந்தார். பிள்ளையைத் தூக்கிப் பாயில் மல்லாக்கக் கிடத்தினார்.

"இப்பிடித்தான். நேரான இடம், கெட்டியான இடம், மல்லாக்க. பக்கத்தில தலையணையும் வேணாம், பொம்மையும் வேணாம், போர்வையும் வேணாம். உங்கட பக்கத்திலயே தனிப் பாயில விடுங்க. கதிரையில, செற்றியில புள்ளயை வச்சிக்கிட்டுத் தூங்கிற வேலை அறவே கூடாது. ஒரு வயசு வரைக்கும் இதான்."

பூரணக்கா அலுமாரியைத் திறந்தாள். மூத்தவனின் மரணக் கடதாசியை எடுத்துக்கொண்டு வந்து மிஸ்ஸின் கையில் வைத்தாள்.

"வாசியுங்கோ மிஸ். அவன் நீங்கள் சொன்ன மாதிரித்தான் கிடந்தவன். நேரான இடம். மல்லாக்க. தலகணி இல்லை. வாசியுங்கோ."

மிஸ் வாசித்தார். குரல் இறங்கிவிட்டது.

"மல்லாக்கக் கிடக்கிற புள்ள, பால் மேலே வந்தாலும் விழுங்கிக்கும், இல்லாட்டி வெளிய தள்ளும். வேற ஒண்டால மூச்சு நிக்கிற நேரத்திலயும் பால் மேலே வாறதுதான். அதை மட்டும் வச்சி…" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் புள்ளயை இடையில யாரும் தூக்கல்லயா? வேற எங்கயும் படுக்கல்லயா?"

"இல்லை மிஸ்" என்றாள் தனுஷிகா. "நான்தான் பாயில கிடத்தினனான். பிறகு நான்தான் கண்டனான்."

வாசல் திறந்து கிடந்தது. ஒரு சொல் போதும். நான் வாயைத் திறந்தேன்.

"மிஸ், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

அவருடைய ஸ்கூட்டர் முடக்குத் திரும்பும் முன்னமே தலையணைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், வேலை முடிந்து பகல் பதினொன்றரைக்கு வந்தேன். பூரணக்கா தன் வீட்டில் சமையல். எங்கள் வீடு சத்தமில்லாமல் இருந்தது. உள் அறையில் தனுஷிகா சுவரில் சாய்ந்தபடி, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, வாய் திறந்து உறங்கிக் கிடந்தாள். கைகள் பிள்ளையைப் பிடித்த மாதிரியே நெஞ்சில் கோத்திருந்தன. கைகளுக்குள் பிள்ளை இல்லை.

எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவள் தொடைக்கும் தலையணைக்கும் இடையில் கையை விட்டேன். கால் தட்டுப்பட்டது. இழுத்தெடுத்தேன். உதடு நாவற்பழ நிறம். தலை தொங்கியது. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலில் தட்டினேன், காதுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு விக்கல். ஒரு இழுப்பு. பிறகு அழுதாள். ஐயோ, அந்த அழுகை! நான் பிறந்த நாள்தொட்டு அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

தனுஷிகா துடித்து எழுந்தாள்.

"பாலோ? புரையேறிட்டுதோ? என்ர பாலோ?" என்று கேட்டுக்கொண்டே தன் மார்பில் தானே ஓங்கி ஓங்கி அடித்தாள். சத்தம் கேட்டு அகப்பையும் கையுமாக ஓடிவந்த பூரணக்கா வாசலிலேயே தொடங்கினாள்.

"மல்லாக்கப் போட்டனியோடி? சொல்லு, போட்டனியோ? இதையும் திண்டுபோட்டுத்தான் அடங்குவியோ?"

"பால் இல்லை" என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. கடலில் கத்துகிற குரலில் கத்தினேன். "பால் இல்லையெண்டு சொல்லுறன்! மூத்தவனுக்கும் பால் இல்லை! நான்தான்!"

சின்னவளைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சொல்லி முடித்தேன். செற்றியில் சாய்ந்தது, நெஞ்சில் போட்டது, இடுக்கில் கிடந்தது, வாளிச் சத்தம், பாய், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. எதையும் மிச்சம் வைக்கவில்லை.

முதலில் அழுதவள் பூரணக்கா. வந்து என் தலையைத் தடவினாள்.

"என்ர ராசா, எப்பிடிப்பட்ட மனமடா உனக்கு! பொஞ்சாதியின்ர பழியைத் தூக்கித் தன்ர தலையில போடுறான்." தனுஷிகாவின் பக்கம் திரும்பினாள். "பாத்தியே? இப்பிடி ஒரு புருசன் ஆருக்குக் கிடைக்கும்?"

இரண்டு வருடம் பொய் சொன்னேன், நல்ல பெயர். உண்மையைச் சொன்னேன், அதற்கும் நல்ல பெயர். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

தனுஷிகா அக்காவைப் பார்க்கவில்லை. என்னிடமிருந்து சின்னவளை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"முகம் எந்தப் பக்கம் இருந்தது?"

"சாய்மனைப் பக்கம். கன்னம் துணியோட."

"வரி போட்ட துணி."

"ஓம்."

"கன்னத்தில வரி வரியாத் தடம் இருந்தது" என்றாள். "கடைசியாக் குளிப்பாட்டேக்க கண்டனான். மல்லாக்கக் கிடந்த பிள்ளைக்குப் பாய்த் தடம் கன்னத்தில எப்பிடி வந்ததெண்டு இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருந்தனான். ஆரிட்டையும் கேக்கேல்லை. கேட்டால் விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவியள்."

பிறகு, எனக்கில்லை, அக்காவுக்கும் இல்லை, கையிலிருந்த பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

"அப்ப என்ர பால் இல்லை."

அவள் அழுவாள் என்று பார்த்தேன். என்னை அடிப்பாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஓட்டோவைக் கூப்பிடுங்கோ, பிள்ளையைக் காட்டோணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். தனுஷிகா தான் உறங்கிப்போனதை ஒளிக்காமல் சொன்னாள். பிறகு என்னைக் காட்டி, "மூத்த பிள்ளைக்கு நடந்ததை இவர் சொல்லுவார்" என்றாள். சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு நேர்ஸ் வந்தார். தனுஷிகா, "அவவுக்கும் சொல்லுங்கோ" என்றாள். அவருக்கும் சொன்னேன். பிள்ளையை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தனுஷிகா தலையணைகளை எல்லாம் ஒரு சாக்கில் திணித்து வேலியடியில் நின்ற பூரணக்காவிடம் கொடுத்தாள்.

"இதுகள் இனி இஞ்ச வேண்டாம் மச்சாள்."

"அவன் உன்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்யை நம்பி—"

"கொண்டு போங்கோ."

அக்காவுக்கு எதிர்வாய் வந்ததை அன்றுதான் கண்டேன். அவளும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உள் அறையில் பாயை விரித்து, மேலே ஒரு துணியை இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்தாள். சின்னவளுக்குப் பால் கொடுத்து, ஏவறை எடுத்து, மல்லாக்கக் கிடத்தினாள். பிள்ளையைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஒரு கை தூரத்தில் வெறும் நிலத்தில் தானும் படுத்தாள். படுத்த கையோடு உறங்கிவிட்டாள். சின்னவள் பிறந்த பிறகு அவள் உடம்பை நீட்டிப் படுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை. இருவரின் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையின் வாய் ஓரத்தில் ஒருதரம் கொஞ்சம் பால் வந்தது. நான் பதறி ஓரடி வைத்தேன். சின்னவள் தலையைச் சற்றே திருப்பி, விழுங்கி, துப்பி, பழையபடி உறங்கினாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா இரண்டு வருடம் ஒருத்தியைக் கொன்றோம்?

மூன்று மணித்தியாலம் கழித்துத் தனுஷிகா கண் விழித்தாள். முதலில் பிள்ளையைப் பார்த்தாள். அருகே போய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"உடுப்பு ரெண்டை எடுத்துக்கொண்டு படகுக்குப் போங்கோ" என்றாள். கோபமான குரல் இல்லை. நித்திரை கொண்டு எழுந்த, தெளிந்த குரல்.

"எவ்வளவு நாளைக்கு?"

அவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் இரண்டு கையையும் விரித்து, போட்டது போட்டபடி மல்லாந்து கிடந்தாள்.

"அவள் தானா உடம்பு பிரட்டட்டும். குப்புறக் கிடந்தாலும் தலையைத் தூக்கி மூச்செடுக்கப் பழகட்டும். பிறகு பாப்பம்."